அடுத்த கடையில் ஏன் கூட்டம்?

போன வாரம் சிறு வியாபாரி ஒருவர் தொலைபேசியில் பேசினார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஆறு மாதத்துக்கு முன்னர் நாலு கடை தள்ளி இன்னொருவர் அதே வியாபாரத்தைத் தொடங்கியிருக்கிறார். தன்னுடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டதாகக் கவலைப்பட்டார்.

"நானா, எல்லாச் சாமானிலயும் பத்து ரூவா குறைச்சா திரும்பி வருவாங்களா?"

"அந்தக் கடைக்குள்ள ஒரு நாளாவது போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க எப்படிப் போறது? வெக்கமில்லையா?" என்றார்.

இந்த வெட்கத்துக்கு நானும் விலை கொடுத்தவன். 1998இல் எனது புடவைக் கடைக்கு எதிரே புதிய புடவைக் கடை ஒன்று வந்தது. எனது கல்லாவில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு தெரிந்தது, கலர் லைட் தெரிந்தது, பெரிய போர்ட் தெரிந்தது. இவைதான் சனத்தை இழுக்கின்றன என்று முடிவுகட்டி, மனைவியின் நகையை ஈடு வைத்து அவ்வளவையும் எனது கடையிலும் செய்தேன். விலையையும் குறைத்தேன். பெருநாள் வியாபாரம் வந்து போனது. அதற்குப் பிறகு பழைய நிலைதான். நகையை மீட்க மூன்று வருடம் எடுத்தது.

உண்மைக் காரணத்தை எனக்குச் சொன்னவர் எனது உம்மா. ஒரு நாள் வீட்டில் அந்தக் கடையின் பை கிடந்தது. யார் வாங்கியது என்று கேட்டேன். "நான்தான். உண்ட கடையில குந்த ஒரு ஸ்டூல் இல்லையே, மகன். அங்க உடுப்ப அந்த இடத்திலயே மடிச்சுத் தச்சும் தாராங்க" என்றார். சொந்த உம்மாவே எதிர்க் கடைக்குப் போன பிறகு வெட்கப்பட என்ன இருக்கிறது? அடுத்த நாள் ஸலாம் சொல்லிக்கொண்டு நானே அங்கே போனேன். முதலாளி தேநீர் தந்தார். ஒரு சாரம் வாங்கினேன். எனது கடை விலையை விட அது கூட! கடையின் பின்பக்கம் ஒரு தையல்காரர் இருந்தார். அளவு சரியில்லை என்று வந்த ஒரு பெண்ணுக்கு, பில்லைக் கேட்காமலேயே மாற்றிக் கொடுத்தார்கள். பாடசாலை உடுப்பு எல்லா அளவிலும் அடுக்கியிருந்தது. என்னிடமோ சீசன் முடிந்தால் நடு அளவுகள்தான் மிஞ்சும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தக் கூட்டத்தில் பங்கே இல்லை என்பது அன்றுதான் விளங்கியது.

அமெரிக்காவில் வோல்மார்ட்டைத் தொடங்கிய சாம் வோல்டன், இந்தப் பார்க்கும் வேலையைத் தனது தொழிலில் ஒரு பங்காகவே வைத்திருந்தவர். 1945இல் ஆர்கன்ஸோ மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிறு ஊரில் அவர் முதல் கடையை நடத்தியபோது, தெருவுக்கு அப்பால் இருந்த போட்டிக் கடைக்கு அடிக்கடி போய், விலையையும் சாமான் அடுக்கியிருக்கும் விதத்தையும் பார்த்து வருவார். மினசோட்டா மாநிலத்தில் இரண்டு கடைகள், வாடிக்கையாளர் தாமே சாமானை எடுத்துவந்து வாசலில் காசு கொடுக்கும் முறைக்கு மாறியிருப்பதாகக் கேள்விப்பட்டதும், இரவு முழுக்க பஸ்ஸில் பயணம் செய்து போய்ப் பார்த்தார். பிறகு பென்டன்வில் ஊரில் தான் திறந்த கடையை அந்த முறையிலேயே அமைத்தார். முதலாவது வோல்மார்ட் கடை 1962இல்தான் வந்தது. 1983இல் அவர் தொடங்கிய சாம்ஸ் கிளப் கூட, சோல் பிரைஸ் என்பவர் 1976இல் சன் டியாகோவில் ஆரம்பித்த பிரைஸ் கிளப்பைப் பார்த்துச் செய்ததே. அங்கத்துவப் பணம் கட்டியவர்கள் மொத்தமாக மலிவு விலையில் வாங்கும் முறை அது. இதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. போட்டிக் கடையில் என்ன பிழை என்று பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், அவர்கள் எதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் தனது ஆட்களுக்கு அவர் சொல்லி வந்தது.

ஒரு தடவை பிரைஸ் கிளப்பில் நின்று விலைகளைச் சிறிய டேப் ரெக்கோடரில் பேசிப் பதிந்துகொண்டிருந்தபோது, அங்குள்ள ஊழியரிடம் பிடிபட்டார். தனது கடைகளிலும் அதே சட்டம் இருப்பதால் வோல்டன் சண்டைக்குப் போகவில்லை. சோல் பிரைஸின் மகனுக்கு ஒரு குறிப்பு எழுதி அத்துடன் சேர்த்து ஒப்படைத்தார். சில நாட்களில் டேப் திரும்பி வந்தது.

நமக்கும் ஒரு எல்லை வேண்டும். வாசலால் போகும் எவருக்கும் தெரிவதைப் பார்க்கலாம். அடுத்தவரின் சேல்ஸ்மனுக்குக் காசு கொடுத்து அவர் எங்கே என்ன விலைக்குக் கொள்முதல் செய்கிறார் என்று அறிவது வியாபாரமல்ல. பெயரையும் போர்டையும் சனம் மயங்குமளவுக்கு ஒரே மாதிரி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதை முறையற்ற போட்டி என்கிறது. வழக்குக்குப் போனால் போர்டுக்குக் கொடுத்த காசை விட லோயருக்குக் கொடுப்பது கூடும்.

இன்னொரு விடயம். வெற்றி பெற்ற கடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எங்கள் பஜாரில் அந்தக் காலத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இன்னும் இரண்டு கடைகள் இருந்தன, இரண்டும் மூடப்பட்டன. அவற்றையும் கணக்கில் எடுத்திருந்தால் நகை ஈட்டுக்குப் போயிருக்காது. ஓடும் கடையிலும் மூடிய கடையிலும் ஒரே விடயம் இருந்தால், அது காரணமாக இருக்க முடியாது. ஓடும் கடையில் மட்டும் இருப்பது எது என்று தேட வேண்டும். இதற்கு ஒரு நாள் போதாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு தரம், சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு தரம், வியாபாரம் மந்தமான நாளில் ஒரு தரம் பார்க்க வேண்டும். உள்ளே போகிறவர்களை மட்டும் எண்ணாமல், பையோடு வெளியே வருகிறவர்களையும் எண்ணுங்கள்.

கண்டதை எல்லாம் செய்யவும் கூடாது. எதிர்க் கடைக்காரர் தாராளமாகக் கடன் கொடுத்தார். நானும் கொடுத்துப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் மூன்று சகோதரர்களின் முதல் இருந்தது, எனக்குப் பின்னால் கடன் கொப்பி மட்டும்தான் இருந்தது. நான்கே மாதத்தில் நிறுத்திவிட்டேன். தையல்காரரையும் பாடசாலை உடுப்பு அளவுகளையும் எடுத்துக்கொண்டேன், அவை இன்றுவரை இருக்கின்றன. நாலு ஸ்டூலும் போட்டேன். உம்மா திரும்பி வந்தார்.

பார்ப்பது ஒரே தொழிலாக இருக்கவும் தேவையில்லை. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ 1956இல் அமெரிக்கா போனபோது கார் தொழிற்சாலைகளோடு சுப்பர் மார்க்கட்டுகளையும் கவனித்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை மறுபடி நிரப்பும் முறை, அவர் தொழிற்சாலையில் பழக்கிக்கொண்டிருந்த வழக்கத்துக்குப் பொருந்தி வந்தது. பாகங்களைத் தேவைக்கு மேல் குவித்து வைக்காத டொயோட்டா முறை அப்படி வளர்ந்ததுதான். நமது ஸ்டோர் அறைகளில் தூசு பிடித்துக் கிடக்கும் முதலை நினைத்தால் இது விளங்கும்.

தொலைபேசியில் பேசியவரிடம், விலையில் கை வைக்க முன்னர் மூன்று நாள் போய்ப் பார்க்கச் சொன்னேன். நேற்று மறுபடி பேசினார்.

"நானா, விலை எல்லாம் ஒண்டுதான். ஆனா அவர்ர கடையில மிளகாய்த்தூள் 50 கிராம் பெக்கட்டா தொங்குது. சீனி, பருப்பு எல்லாம் 100 கிராமும் இருக்கு. என்னட்ட கால் கிலோவுக்குக் குறைஞ்சு ஒண்டும் இல்ல."

2022 நெருக்கடிக்குப் பிறகு கூலி வேலை செய்யும் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்குகிறது. கால் கிலோவுக்குக் காசில்லாதவர் அதைச் சொல்லவா போகிறார்? பேசாமல் நாலு கடை தள்ளிப் போகிறார். பத்து ரூபா குறைத்திருந்தாலும் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார்.

பெக்கட் ஒட்டும் மெஷின் ஒன்றுக்குப் புறக்கோட்டையில் விலை விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கழிவு 50 கிராமுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றேன்.