புயலின் பிறப்பும் மறைவும்

அரபிக் கடலோரத்து அலிபாக் நகருக்கும், புனேயை அடுத்த தகவல் தொழில்நுட்ப மையமான ஹிஞ்சேவாடிக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நடுவே சஹ்யாத்ரி மலைத்தொடர் அரணாக நிற்கிறது. இதனால் புயல் என்பது கடலோர மாவட்டங்களின் கவலை மட்டுமே என எண்ணுவது இயல்பு. 2020 ஜூன் 3-ஆம் நாள் வீசிய நிசர்கா புயல் இவ்வெண்ணம் தவறு என உணர்த்தியது.

தோற்றம்

புயல் உருவாகக் கடல்நீரின் வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இவ்வெப்பம் சுமார் 50 மீட்டர் ஆழம்வரை பரவியிருப்பதும் இன்றியமையாதது. கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது, அதில் உறைந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் உயர எழுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று விரைகிறது. பூமியின் சுழற்சி அக்காற்றைத் திருப்புவதால், வட கோளார்த்தத்தில் அது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இத்திருப்பு விசை மிகக் குறைவாதலின், அங்குப் புயல்கள் தோன்றுவது அரிது.

வளர்ச்சி

மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் திசையிலும் வேகத்திலும் பெரிதும் மாறுபடாதிருந்தால் சுழல் குலையாமல் வலுப்பெறும். நிசர்கா ஜூன் 1 அன்று தாழ்வு மண்டலமாகவும், 2-ஆம் நாள் புயலாகவும், 3-ஆம் நாள் அதிகாலையில் கடும் புயலாகவும் வளர்ந்தது. அன்று பிற்பகல், மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் அலிபாக்குக்குத் தெற்கே கரையைக் கடந்தது.

மறைவு

நிலத்தை அடைந்த புயலுக்குக் கடலின் நீராவி கிடைப்பதில்லை. மலைகளும் நிலப்பரப்பும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கின்றன. கடும் புயலாகக் கரை கடந்த நிசர்கா அன்று மாலையிலேயே ஒரு படி தாழ்ந்தது. மறுநாள் மேலும் தேய்ந்தது. ஆயினும் வலுவிழத்தல் வேறு, மறைதல் வேறு. தேய்ந்துகொண்டிருந்த நிலையிலும் அது புனே மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்து, மின்கம்பிகளை அறுத்து, உயிர்ச்சேதமும் விளைவித்தது.

படிப்பினை

ராய்கட் மாவட்டத்தின் ஸ்ரீவர்தன் பகுதியில் பாக்கு, தென்னை, மாந்தோப்புகள் பெருமளவில் வீழ்ந்தன. நெற்பயிர் அழிந்தால் இழப்பு ஒரு பருவத்தோடு முடியும். பாக்கு மரம் வீழ்ந்தால் மறுநடவு செய்து பலன் காணப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். நிவாரணத் தொகையைக் கணக்கிடுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வது அவசியம்.

1928-இல் சிம்லாவிலிருந்து இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் இடம்பெயர்ந்து வந்த நகரம் புனே. தலைமையகம் பின்னர்ப் புதுடெல்லிக்கு மாறிய போதிலும், வானிலை ஆய்வு அங்குத் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. நிசர்காவின் வருகை முன்னரே அறிவிக்கப்பட்டு, கடலோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அதே விழிப்புணர்வு, புயலின் பாதையிலுள்ள உள்நாட்டு மாவட்டங்களையும் எட்ட வேண்டும். எச்சரிக்கை கரையோடு நின்றுவிடலாகாது. புயல் அங்கு நிற்பதில்லை.