கேம் புஷ் பொருத்தும் தம்பிக்கு



அம்பாசடர் காரின் எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டும் பொறுப்பு முதன்முறையாக உன்னிடம் வந்திருக்கிறது என்றும், பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங் ஆகியவற்றில் உனக்குச் சந்தேகம் இல்லை என்றும், கேம்ஷாஃப்ட் புஷ்களைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் தேவை என்றும் எழுதியிருக்கிறாய். பெரும்பாலோர் கேளாமலே கடந்துபோகும் விஷயம் இது. ஆகையால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

அந்தக் காரிலுள்ள, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வகுத்த 1489 சி.சி. எஞ்சினில், கேம்ஷாஃப்ட் பிளாக்கின் வயிற்றுக்குள்ளேயே மூன்று புஷ்களில் அமர்ந்து, கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழன்று, வால்வுகளோடு எண்ணெய்ப் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இயக்குகிறது. கண்ணுக்கு எளிதில் படாத இடமாதலால், பழைய புஷ்களை அப்படியே விட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது. அதன் பலன் பின்னால் தெரியும்: கிராங்க் பேரிங்குகள் யாவும் புதியனவாயிருந்தும், எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடுகையில் எண்ணெய் அழுத்தம் தாழ்ந்து நிற்கும்; தேய்ந்த கேம் புஷ் வழியே எண்ணெய் கசிந்தோடுவதை அறியாமல், நிரபராதியான பம்பை மாற்றுவார்கள்.

புஷ்ஷின் உள்முகத்தில் பூசிய வெள்ளை உலோகத்தின் மீது தண்டு சுழல்கிறது என்று நாம் பேசுகிறோமே ஒழிய, உண்மையில் அது சுழல்வது எண்ணெய்ப் படலத்தின் மீதுதான். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே உள்ள இடைவெளி அங்குலத்தில் 0.001 முதல் 0.002 வரை, தலைமுடியின் பருமனைக் காட்டிலும் குறைவு. எனவே உன் வேலையின் சூட்சுமம், புஷ்ஷை உள்ளே செலுத்துவதில் முடிந்துவிடாமல், எண்ணெய் அவ்விடைவெளியை வந்தடைய வழி செய்வதில் பூர்த்தியாகிறது என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்.

பிளாக்கைக் காரத்தொட்டியில் ஊறவைக்கும் உத்தேசமிருந்தால், வெள்ளை உலோகம் கெட்டுப்போகுமாதலால், பழைய புஷ்களை முன்னரே கழற்றிவிடு. மூன்றும் ஒரே அளவினவல்ல. முன்புறத்தது பெரிது, பின்புறத்தது சிறிது. தண்டு முன்பக்கமிருந்து நுழைவதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். புஷ் உள்ளே ஏறத் தொடங்கிய பிறகு பிளாக்கின் எண்ணெய்த் துளை பார்வைக்கு மறைந்துவிடுமாதலால், துளை இருக்கும் திசையைப் பிளாக்கின் முகத்திலும் புஷ்ஷின் விளிம்பிலும் முன்கூட்டியே கோடிட்டுக்கொண்டு, சுத்தியலால் நேரே அடிக்காமல், அளவுக்கேற்ற மேண்ட்ரலும் திருகுத் தண்டும் கொண்டு, கோணாமல் நிதானமாக இழுத்துப் பொருத்து. பின்புற புஷ்ஷில் தனிச் சிரத்தை வேண்டும். மேலே ராக்கர் ஷாஃப்டுக்குச் செல்லும் எண்ணெய் அதன் வழியாகவே ஏறுகிறதாதலால், அங்கே துளை சிறிது விலகினாலும், கீழே யாவும் செம்மையாயிருக்க, ராக்கர்கள் வறண்டு தேயும்.

இறுக்கமாக ஏறிய புஷ் உள்விட்டத்தில் சிறிது குறுகுவது இயற்கை. தண்டு நுழையவில்லையே என்று எமரித்தாளையோ சுரண்டியையோ கையில் எடுத்துவிடாதே. மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவேண்டியிருப்பதால், வழிகாட்டியோடு கூடிய நீண்ட ரீமரைக் கொண்டு அளவுக்குக் கொணர்வதே முறை. அவ்வுபகரணம் உன்னிடம் இல்லையெனில், நம்பிக்கையான லேத் பட்டறைக்கு பிளாக்கை அனுப்புவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ரீமர் உதிர்த்த பிசிறு மெத்தென்ற வெள்ளை உலோகத்தில் பதிந்துகொண்டு தண்டைக் கீறும். ஆதலால் எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, கழுவி, காற்றடித்து முற்றும் சுத்தம் செய்.

தண்டை நுழைக்குமுன் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார். அது தடையின்றிச் சென்றால்தான் எண்ணெயும் செல்லும். பிறகு எண்ணெய் தடவிய தண்டை உள்ளே விட்டு விரல்களால் சுழற்று. ஓரிடத்தில் இறுகுமாயின் பலத்தைப் பிரயோகிக்காமல் தண்டை வெளியே எடு. எந்த புஷ்ஷில் உராய்ந்த பளபளப்புத் தெரிகிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது. அதைத் திருத்த அரைநாள் ஆகுமென்று முதலாளி முகம் சுளித்தாலும் நீ உறுதியாயிரு. முன்தகட்டையும் டைமிங் செயினையும் மாட்டி, எஞ்சினைக் காரில் ஏற்றிய பின்னர் அதே பிழையைத் திருத்த எஞ்சினையே மறுபடி இறக்க நேரும் என்பதை அவருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்.

உன் நலம் விழையும்,
மூத்த தொழிலாளி