புலிப்பால் காளான் இன்ஹேலருக்கு மாற்றா?

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. புலிப்பால் காளான் மாத்திரை சாப்பிட்டால் இன்ஹேலரை விட்டுவிடலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, லூமுட்

பதில்: இன்ஹேலரை நிறுத்தவே வேண்டாம், சகோதரி. புலிப்பால் காளான் நம் காட்டுச் சரக்குதான். மண்ணுக்கடியில் விளையும் அதன் கிழங்கை இருமலுக்கும் இளைப்புக்கும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறார்கள். மார்டி ஆய்வு நிலையமும் அதை வளர்க்கும் முறையை ஆராய்ந்திருக்கிறது. அந்த அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் ஆஸ்துமா மருந்தின் இடத்தை அது பிடிக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மருந்தை நிறுத்தி மூச்சுத்திணறல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்ஹேலரோடு சேர்த்துக் கொடுக்க நினைத்தால், மாத்திரைப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தாலும் அது நோய் தீரும் என்ற உத்தரவாதம் ஆகாது. மாத்திரைப் புட்டியை எடுத்துப்போய் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை மருந்தாளரிடம் காட்டிவிட்டு அப்புறம் கொடுங்கள்.