கோபம் எப்போது ஆபத்து?



2012 பிப்ரவரி 9-ம் தேதி சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பறையிலேயே, ஓர் ஆசிரியையை மாணவன் கத்தியால் குத்திக் கொன்றான். அவனும் நம்மைப் போல ஒன்பதாம் வகுப்புதான். மார்க் குறைந்ததை டீச்சர் டைரியில் எழுதினார் என்று கோபம். ஒரு இந்திப் படத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தான் என்று பேப்பரில் வந்தது. அப்போ சினிமாதான் காரணமா?

1961-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சின்னப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அவர்களும் அதே மாதிரி அடித்தார்கள். 1963-ல் அதைப் படமாகக் காட்டினார். அப்போதும் அடித்தார்கள். ஆகவே பார்ப்பது மனதில் பதிகிறது. ஆனால் பொம்மையை அடிப்பது வேறு, ஆளைக் கொல்வது வேறு. அந்தப் படத்தைப் பார்த்த எல்லாருமா கத்தி எடுத்தாங்க?

ராஜகிரிக் கோட்டைப் படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது இல்லையா? கோபத்திலும் அட்ரீனலின் சுரந்து அப்படித்தான் அடிக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தா தானா இறங்கிடும். ஆனால் "என்னை இப்படிச் சொல்லிட்டாங்களே" என்று திரும்பத் திரும்ப நினைத்தால், மறுபடி மறுபடி படி ஏறுகிற மாதிரி. படபடப்பு இறங்கவே இறங்காது. அதுதான் வன்மம்.

ஒருவரால் ஆபத்து வருமா என்று உளவியல் நிபுணர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. இப்படிக் கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள்:

1. முன்பு யாரையாவது அடித்திருக்கிறாரா?
2. இன்னாரை இப்படிச் செய்வேன் என்று மிரட்டினாரா? திட்டம் போட்டாரா?
3. ஆயுதம் கைக்குக் கிடைக்குமா?
4. மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?

முதல் மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் ஆபத்து கூடும். நாலாவதுக்கு 'ஆமாம்' என்றால் குறையும்.

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவரின் மனநிலையை, விளைவு புரிந்ததா என்பதை, இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்கிறது. ஆனால் அது நடந்து முடிந்த பிறகு. நடப்பதற்கு முன்னால் தெரிவது பக்கத்து பெஞ்சில் இருக்கிற நமக்குத்தான்!

யாராவது "அவனை ஒரு வழி பண்றேன்"னு நாள் கணக்கா சொல்லிட்டே இருந்தா சிரிச்சிட்டு விட்டுடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து என்னன்னு கேளுங்க. நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்க. அது கோள் சொல்றது இல்ல, ரெண்டு பேரைக் காப்பாத்துறது. 1098-க்கும் இலவசமாகப் பேசலாம்.

கோபம் எல்லோருக்கும் வரும். அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆளாக நாம் இருப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
செஞ்சி.