ஆடியில் விமானம் ஏறும் பிள்ளைகளுக்கு

ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளை உள்ள வீடுகளில், திருப்பதியானாலும் சித்தூரானாலும், இப்போது ஒரே கேள்விதான். ஆடியிலே அனுப்பலாமா, ஆவணி பிறக்கட்டுமா?

ஆவணிக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் பிற்பாதியில் வகுப்பு தொடங்கிவிடும். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் எஃப்-1 மாணவர் விசாவில் உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தேதியைத் தாண்டிப் போய் இறங்கினாலும் சிக்கல். கணக்குப் போட்டால் கிளம்பும் நாள் ஆடிக்குள்தான் வருகிறது. பெரியவர்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் அதற்கு நம்மிடமே பழைய வழி ஒன்று உண்டு. ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்து ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வையுங்கள். பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு.

விசா கிடைத்தால் முடி இறக்குகிறேன் என்று மலையப்பனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் தயங்காமல் செலுத்திவிட்டே போகலாம். மொட்டைத் தலையும் பாஸ்போர்ட் படமும் ஒத்துப்போகவில்லையே என்று அதிகாரி கேட்டால், கோவில் வேண்டுதல் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். கைரேகையும் பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது தடுப்பூசி. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கு இரண்டு தவணைக்கும் சான்று இல்லாவிட்டால் பல பல்கலைக்கழகங்கள் பாடப் பதிவையே நிறுத்தி வைக்கும். இரண்டு தவணைக்கும் இடையே 28 நாள் வேண்டும். சின்ன வயசில் போட்ட அட்டை கிடைக்கவில்லை என்றால் இன்றைக்குப் போட்டால்தான் கிளம்புவதற்குள் இரண்டாவதும் முடியும். பல் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அங்கே மாணவர் காப்பீட்டில் பல் வைத்தியம் பெரும்பாலும் சேராது. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி செய்துகொள்ளுங்கள்.

பெட்டி கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதற்கு அத்தை, சித்தி, மாமா எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம். போன வருஷம் ஒரு வீட்டில் 23 கிலோ பெட்டியைத் தூக்குத் தராசில் மாட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கடைசியாகக் கொல்லைப்புறம் போய், ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டி ஓரத்தில் செருகினார். நான்தான் எடுக்கச் சொன்னேன். கறிவேப்பிலை நாரத்தை, எலுமிச்சை குடும்பத்துச் செடி. அதன் இலையில் ஒட்டிக்கொண்டு போகும் சின்னப் பூச்சி அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும். அதனால் அமெரிக்காவுக்குள் கறிவேப்பிலைக்குத் தடை. ஊறுகாய், பருப்புப் பொடி, லட்டு எது கொண்டுபோனாலும் சுங்கத்தில் கேட்கும்போது ‘உணவு இருக்கிறது’ என்றே சொல்லுங்கள். சொன்னால், மிஞ்சிப்போனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். ஆஸ்திரேலியாவில் இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பு.

ஐ-20, சேர்க்கைக் கடிதம், வங்கிக் கடன் கடிதம், தடுப்பூசிச் சான்று, போய்த் தங்கும் முகவரி எல்லாம் ஒரே ஃபைலில், கைப்பையில். சரக்குப் பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் இறங்கும் இடத்தில் காட்ட வேண்டியது கையில் இருக்கும்.

ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாட்களில் சென்னையிலிருந்து விமானம் என்றால் புத்தூர், நகரி, திருத்தணி வழியை நம்பாதீர்கள். காவடிக் கூட்டத்தில் வண்டி மணிக்கணக்கில் நின்றுவிடும். காளஹஸ்தி, நாயுடுபேட்டை போய் நெடுஞ்சாலை பிடிப்பது சுற்றுதான் என்றாலும் நிம்மதி.

இனிப் பிள்ளைகளுக்கு. போய் இறங்கிய முதல் மாதத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த ஊரில் நாலு பேருக்காவது உங்களைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒருவர், வகுப்பில் ஒருவர், குடியிருக்கும் இடத்தில் ஒருவர், நம் மொழி பேசாதவர் ஒருவர். மற்றது எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டே வரும்.

முதலில் அலுவலகம். அமெரிக்காவில் இறங்கிய அடுத்த நாளே ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பெயரும் விசா வகையும் சரியா என்று பாருங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்யுங்கள். வந்து சேர்ந்த விவரத்தைத் தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் அமெரிக்க அரசின் செவிஸ் கணினியில் ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் உங்கள் விசா நிலைக்கே ஆபத்து. வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரி கொடுங்கள். வளாகத்துக்குள் வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான். வெளியே பெட்ரோல் பங்க், ஓட்டல் எங்கேயும் கையில் காசு தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். நம்மூர் அண்ணன் ஒருவரே கூப்பிடுவார். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பார். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய படிப்பு அது. சில நூறு டாலருக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஜெர்மனி போகிறவர்களுக்கு வகுப்பு அக்டோபரில், கிளம்புவது செப்டம்பரில். அங்கே குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதை ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். விசாவுக்காக முடக்கக் கணக்கில் கட்டிய பணம் மாதாமாதம் கைக்கு வருவது, வதிவிட அனுமதி எல்லாவற்றுக்கும் இந்த முகவரிப் பதிவுத் தாள் தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இறங்குகிறவர்கள் அன்றைக்கே அரிசியும் பாலும் வாங்கிவிடுங்கள். இங்கிலாந்து போகிறவர்கள் முதல் வாரத்திலேயே பக்கத்து ஜி.பி. டாக்டரிடம் பெயர் பதியுங்கள். விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டியாயிற்று. காய்ச்சல் வந்த பிறகு ஓட வேண்டாம்.

எந்த நாடானாலும் வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் மாணவராகப் பதிந்துவையுங்கள். நம்மூர் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் போன் செலவு மிச்சம் என்று ரீசார்ஜை விட்டுவிட்டான். இரண்டாம் பருவக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் வங்கி ஓ.டி.பி. அனுப்பியது செத்துப்போன நம்பருக்கு. அவன் அப்பா வங்கிக் கிளைக்கு மூன்று நாள் நடந்தார். இன்னொன்று: படிக்கப் போனவர்களும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர்தான். இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

போன் வரும். குடிவரவு அலுவலகம், போலீஸ், தூதரகம் என்று பெயர் சொல்வார்கள்; உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக்கூடச் சொல்வார்கள்; உடனே பணம் கட்டு, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல், யாரிடமும் பேசாதே என்பார்கள். அரசு அலுவலகம் எதுவும் பரிசு அட்டையில் பணம் வாங்காது. போனை வைத்துவிட்டு நேராகச் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே ஒருவருக்கு உங்களைத் தெரியும் என்றால் அந்த நடை சுலபம்.

வகுப்பில், முதல் பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கும் ஒரு தடவையாவது போங்கள். சந்தேகமே இல்லாவிட்டாலும் போய், இன்ன ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அங்கே அது முகஸ்துதி இல்லை, வழக்கம். வீட்டுப்பாடம் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டைக் கைமாற்றிக்கொள்வது சிநேகிதம். அங்கே அதற்குப் பெயர் திருட்டு. கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. எது கூட்டாகச் செய்யலாம், எது தனியாக என்று முதல் வகுப்பில் தரும் பாடத்திட்டத் தாளில் இருக்கும். ஒரு வரி விடாமல் படியுங்கள்.

குடியிருக்கும் இடத்தில், எதையும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே ராத்திரியில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பு போட்டிருக்கிறார்கள். கம்பளியைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேல் விரிப்புக்கு அடியில் மட்டும் படுத்திருந்திருக்கிறார். உலகம் வியந்த கணித மேதைக்கு யாரோ ஒருவர் அறைக்குள் வந்து காட்ட வேண்டியிருந்தது. வாஷிங் மெஷினில் காசு எங்கே போடுவது, ஹீட்டரை எப்படித் திருப்புவது, பஸ்ஸில் இறங்க எந்தக் கயிற்றை இழுப்பது, எதுவானாலும் கேளுங்கள்.

நம் மொழி பேசாத அந்த ஒருவரைப் பிடிக்க நல்ல வழி ஏதாவது ஒரு மாணவர் மன்றம். சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியிலிருந்து போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் போன ராமலிங்கா ரெட்டி, அங்கே யூனியன் என்ற விவாத மன்றத்தில் பேசிப் பேசியே அதன் துணைத் தலைவரானார். பின்னாளில், 1926-இல், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அவர் காலத்தில் வீட்டுக் கடிதம் கப்பலில் வந்தது. உங்களுக்கு வீடு கையிலேயே இருக்கிறது. அதனாலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் திருப்பதியிலேயே வாழ்ந்துவிட முடியும். அப்படி இருந்துவிடாதீர்கள்.

முதல் வாரம் எல்லாம் புதுசு, இரண்டாம் வாரம் அலைச்சல். மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாற்றுப் போர்வைகூட இல்லாத அறையில் ஊர் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைப் படங்கள் போனில் வந்து குவியும்போது இன்னொரு தடவை வரும். எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகக் கால் எழவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரிடம் போங்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. வீட்டிலும் சொல்லுங்கள். கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு முதலில் நீங்கள்தான் வேண்டும்.

பெற்றோரே, ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு, ‘இன்றைக்கு யாரோடு பேசினாய்’ என்றும் கேளுங்கள். நியூயார்க் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்து 8.30. அது சமையல் நேரம். போன் எடுக்காவிட்டால் பதற வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள்.