பாட்டுக்கு எந்த மவுத் ஆர்கன்?

முதலில் பாட்டின் சுருதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டைக் கேட்டபடியே 'ம்ம்' என்று முனகுங்கள். பல்லவி முடிகையில் பாட்டு எந்த ஸ்வரத்தில் போய் உட்காருகிறதோ, பெரும்பாலும் அதுதான் ஸட்ஜம். சத்தத்துக்கு நடுவே இது பிடிபடாது. இரவில் ஹெட்போனில் கேளுங்கள். அந்த ஸட்ஜத்தின் முனகலை விடாமல் செல்போன் கீபோர்டு செயலியில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பாருங்கள், ஒன்று ஒட்டிக்கொள்ளும். எதுவும் ஒட்டவில்லையா? பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டாக இருக்கும். வேகம் பிசகி, சுருதி இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கும். வேறு பதிவு தேடுங்கள்.

ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி. பத்து ஓட்டை மவுத் ஆர்கனில் பொறித்திருப்பதும் இந்த எழுத்துதான்; பாட்டின் ஸட்ஜத்துக்கு உரிய எழுத்துள்ளதை எடுங்கள். அதன் 4ஆம் ஓட்டையை ஊதினால் ஸ, இழுத்தால் ரி.

சோகப் பாட்டுகள் பல மைனர், அதாவது நடபைரவி மாதிரி. சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக்கினால் நடபைரவி வருமல்லவா? அதே கணக்கில் ஏ மைனர் பாட்டுக்கு சி ஆர்கனே போதும். 6ஆம் ஓட்டையை இழுத்துத் தொடங்குங்கள்.

அன்னிய ஸ்வரங்கள் அடிக்கடி வரும் சினிமாப் பாட்டுக்கு, பக்கவாட்டில் பொத்தான் உள்ள குரோமாட்டிக்தான் சௌகரியம். விலை அதிகம். புதிதாக வாங்குபவர்களுக்குப் பத்து ஓட்டை சி போதும்.