ரூபாய் இறங்கும் என்று காத்திருந்தவர்கள்

நாம் கடையில் அரிசி வாங்குகிறோம். ரூபாய் கொடுக்கிறோம். பேருந்தில் ஏறுகிறோம். ரூபாய் கொடுக்கிறோம். இந்தியா முழுவதும் ரூபாய் செல்லும்.

ஆனால் வெளிநாட்டு வியாபாரி நம் ரூபாயை வாங்கிக்கொள்வாரா? பெரும்பாலும் மாட்டார். அவர் டாலர் கேட்பார். டாலர் என்பது அமெரிக்க நாட்டின் பணம்.

நமக்கு வெளிநாட்டுப் பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பேருந்து ஓட டீசல் வேண்டும். டீசல் எடுக்கக் கச்சா எண்ணெய் வேண்டும். அதைப் பெருமளவு வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். பயிருக்குப் போடும் உரத்திலும் ஒரு பகுதி வெளியிலிருந்து வருகிறது.

ஆகவே நாட்டுக்கு டாலர் வேண்டும். டாலருக்கும் ஒரு விலை உண்டு. 1991 ஜூன் மாதம் ஒரு டாலர் சுமார் 21 ரூபாய். ஜூலை முதல் வாரத்தில் அது சுமார் 26 ரூபாய் ஆனது. டாலரின் விலை ஏறினால், ரூபாயின் மதிப்பு இறங்கியது என்று பொருள்.

சில நாட்களில் இப்படி எப்படி நடந்தது?

கையிருப்பு கரைந்தது

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் நாடு குவைத்துக்குள் படையுடன் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் வேலை செய்த நம் மக்கள் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் நின்றது.

அதற்கு முன்பே நாட்டின் வெளிக்கடன் கூடியிருந்தது. விற்ற பொருளைவிட வாங்கிய பொருளே அதிகம். வரவு குறைவு, செலவு அதிகம்.

அரசியலும் நிலையாக இல்லை. 1990 நவம்பரில் வி.பி. சிங் அரசு கவிழ்ந்தது. அடுத்து சந்திரசேகர் பிரதமர் ஆனார். 1991 மார்ச்சில் அவரும் பதவி விலகினார். முழு பட்ஜெட் போட முடியவில்லை. தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்றுதான் பி.வி. நரசிம்ம ராவ் தலைமையில் புதிய அரசு வந்தது. மன்மோகன் சிங் நிதியமைச்சர் ஆனார்.

அப்போது நாட்டின் டாலர் கையிருப்பு சுமார் 100 கோடிதான். இரண்டு மூன்று வாரம் பொருள் வாங்கத்தான் அது போதும்.

குளமும் குடங்களும்

ஓர் ஊரில் ஒரு குளம். தண்ணீர் குறைந்து வருகிறது. "நாளை குளம் வற்றிவிடும்" என்று ஒருவர் சொல்கிறார். உடனே எல்லோரும் குடத்தோடு ஓடுகிறார்கள். ஒரு குடம் எடுப்பவர் ஐந்து குடம் எடுக்கிறார். மாலைக்குள் குளம் வற்றிவிடுகிறது.

1991இல் டாலர் குளத்துக்கும் இதுவே நடந்தது.

அந்தக் காலத்தில் டாலரின் விலையை ரிசர்வ் வங்கி அறிவித்தது. "ரூபாயின் மதிப்பைக் குறைக்கப் போகிறார்கள்" என்ற பேச்சு எங்கும் பரவியது.

பொருளை வெளிநாட்டுக்கு விற்ற வியாபாரிக்கு 1,000 டாலர் வர வேண்டும். இன்று கொண்டுவந்தால் 21,000 ரூபாய். மதிப்பு குறைந்த பிறகு கொண்டுவந்தால் 26,000 ரூபாய். காத்திருந்தால் 5,000 ரூபாய் லாபம். அவர் காத்திருந்தார்.

வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்குபவர் அவசரப்பட்டார். விலை ஏறும் முன்பே டாலர் கேட்டார்.

வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் நம் வங்கிகளில் டாலர் போட்டிருந்தார்கள். பயந்து திருப்பி எடுத்தார்கள். 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை இப்படி 90 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது.

ஒவ்வொருவரும் தன் கணக்கைத்தான் பார்த்தார். யாருக்கும் நாட்டைக் கெடுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்ததில் குளம் இன்னும் வேகமாக வற்றியது.

அடகு போன தங்கம்

வீட்டில் கஷ்டம் வந்தால் நகையை அடகு வைக்கிறோம். நாடும் அதையே செய்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. இங்கிலாந்து, ஜப்பான் நாட்டு மத்திய வங்கிகள் அதற்குச் சுமார் 40 கோடி டாலர் கடன் தந்தன. அந்தக் கடன் அதே ஆண்டு அடைக்கப்பட்டது.

ஜூலை 1ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஜூலை 3ஆம் தேதி மீண்டும் குறைக்கப்பட்டது.

காத்திருந்தவருக்கு லாபம் கிடைத்தது. பாரம் யார் தலையில் விழுந்தது? அந்த மாதம் 24ஆம் தேதி வந்த பட்ஜெட்டில் பெட்ரோல், சமையல் கேஸ், உரம் ஆகியவற்றின் விலை ஏறியது. 1991 ஆகஸ்டில் மொத்த விலைகள், முந்தைய ஆண்டைவிட நூற்றுக்குச் சுமார் 16 ரூபாய் கூடியிருந்தன. டாலரைக் கண்ணால் பார்க்காத கூலித் தொழிலாளியும் இந்தச் சுமையைத் தாங்கினார்.

பிறகு நம்பிக்கை திரும்பியது. வெளியே நின்ற பணம் உள்ளே வந்தது. 1992 மார்ச்சில் கையிருப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது.

அக்காவும் தம்பியும்

1993 முதல் டாலரின் விலை சந்தையில் முடிவாகிறது. தினமும் ஏறி இறங்குகிறது. இதைக் காட்டி ஏழைகளின் பணத்தைப் பறிப்பவர்கள் இன்று உண்டு. சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதும் அக்காவிடம் ஒரு தம்பி வந்து பேசுவதைக் கேளுங்கள்.

தம்பி: அக்கா, செல்போனில் ஒரு செய்தி வந்தது. தேர்தல் வருகிறதாம். ரூபாய் விழுமாம். 20,000 ரூபாய் கட்டினால் டாலரில் இரண்டு மடங்கு ஆக்கித் தருகிறார்களாம்.

அக்கா: அந்த 20,000 எங்கே இருக்கிறது?

தம்பி: மகள் படிப்புக்குச் சேர்த்தது அக்கா.

அக்கா: ரூபாய் விழும் என்று யார் உறுதி சொல்வது? 2013 ஆகஸ்டில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் பேசினார்கள். 2014 மே மாதம் தேர்தல் முடிந்தபோது சுமார் 59 ரூபாய். 68,000 கொடுத்து 1,000 டாலர் வாங்கியவருக்கு என்ன ஆகியிருக்கும்?

தம்பி: 9,000 நட்டம்!

அக்கா: பல ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ரூபாய் இறங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் எந்த மாதம் இறங்கும், எந்த மாதம் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் இன்னொரு வலையும் உண்டு. 1,000 ரூபாய் கட்டினால், 1 லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்டலாம் என்பார்கள். விலை நூற்றுக்கு ஒரு ரூபாய் எதிராகப் போனால் போதும். உன் 1,000 ரூபாயும் போய்விடும்.

தம்பி: அது அரசு அனுமதி பெற்ற நிறுவனம்தானே அக்கா?

அக்கா: அவர்கள் சொன்னால் போதுமா? அனுமதி இல்லாத நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. வங்கிக்குப் போய்க் கேள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

தம்பி: நான் இன்னும் கட்டவில்லை அக்கா.

அக்கா: நல்லது. படிப்புப் பணம் பந்தயத்துக்கு இல்லை. அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடு.

புதிய சொற்கள்

கையிருப்பு – சேர்த்து வைத்திருக்கும் பணம் அல்லது பொருள்
மதிப்புக் குறைப்பு – டாலருக்கு எதிரே ரூபாயின் மதிப்பை அரசு குறைப்பது
ஊக வணிகம் – விலை ஏறும், இறங்கும் என்று ஊகித்து லாபத்துக்காக வாங்குவதும் விற்பதும்

விடை சொல்லுங்கள்

1. 1991இல் வியாபாரிகள் டாலரைக் கொண்டுவராமல் ஏன் காத்திருந்தார்கள்?
2. குளத்தின் கதை எதை விளக்குகிறது?
3. ஒரு டாலர் 21 ரூபாய் என்றால் 500 டாலருக்கு எத்தனை ரூபாய்? 26 ரூபாய் என்றால் எத்தனை?
4. உங்கள் ஊரில் யாருக்காவது இப்படிச் செய்தி வந்ததா? மையத்தில் கூடிப் பேசுங்கள்.